பொருநைப் பச்சை

இத்தால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: பாண்டிய நாட்டு நாணய வரலாற்றை இதுநாள்வரை எழுதியவர்கள் எல்லாரும் தங்கள் புத்தகங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு ஏதாவது பிழைப்புப் பார்த்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குப் பாளையங்கோட்டையில், பொருநை நாணயவியல் பேரவையின் நிறுவனத் தலைவர் திரு. சத்தியநேசன் அவர்களுக்குச் 'செப்புக்காசுச் செம்மல்' விருது வழங்கப்படும். முக்கூடல் ஆற்றுமணலில் கிடைத்த பதின்மூன்று மீன் காசுகள் அன்று பார்வைக்கு வைக்கப்படும். பொதுமக்கள் முண்டியடிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இந்த அறிவிப்பை எழுதியவர் சத்தியநேசன். விருதுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். விருதாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மட்டும் அவர் இல்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. குழுவை நியமித்ததோடு ஒதுங்கிக்கொண்டார்.

சத்தியநேசன் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. அலுவலகத்தில் அவர் கையெழுத்துக்குப் பயந்தவர்கள் முப்பது பேர். வீட்டில் மனைவி சாலோமி ஒருத்திதான், அவளும் பயப்படவில்லை. ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் நண்பன் ஹெப்ரான் கொண்டுவந்து கொடுத்த ஒரு செப்புக்காசுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் காளை, மேலே ஒரு பச்சைத் திட்டு. முக்கூடலில் மணல் அரிக்கிறவர்களிடம் வாங்கியதாக ஹெப்ரான் சொன்னார். மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிற மனுஷன், நாலு ஊருக்குப் போய் வருகிறவர், பொய் சொல்ல என்ன அவசியம்?

அதன்பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒன்றாகக் காசுகள் வந்துகொண்டிருந்தன. சத்தியநேசன் பேரவையைத் தொடங்கினார். நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு நூல் எழுதினார். தாமிரபரணித் தண்ணீரில் நூற்றாண்டுக் கணக்காகக் கிடந்த செம்பில் மட்டும் ஏறுகிற பச்சை ஒன்று உண்டு. அது மீனின் வயிற்றுக்கு மேலே திட்டாகத் தொடங்கி வாலை நோக்கி மெலியும். கங்கையிலோ காவிரியிலோ கிடந்த காசுக்கு அந்த பாக்கியம் கிடையாது. இதற்கு அவர் 'பொருநைப் பச்சை' என்று பெயர் சூட்டினார். காசிலுள்ள மீன் கொஞ்சம் சோனியாக இருப்பதை வைத்து அது கடல்மீன் அல்ல, ஆற்று அயிரை என்றும், ஆகவே காசு அடித்த அக்கசாலை முக்கூடலில்தான் இருந்திருக்க வேண்டும் என்றும் நிறுவினார். மறுத்து யாரும் எழுதவில்லை. ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர் புரிந்துகொண்டார்.

பச்சை அத்தனை முக்கியமாகிவிட்டதால் பேரவையின் முதல் விதி தானாகவே பிறந்தது. 'நாணயத்தைக் கழுவுபவன் வரலாற்றைக் கழுவுகிறான்.' கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். செயலாளர் நடராஜ் ஒருமுறை ஹெப்ரான் தனக்கும் கொடுத்திருந்த மீன் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சத்தியநேசன் அவரை மேலே பேச விடவில்லை. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கடிதம் எழுதி வாசிக்கச் சொன்னார். கடிதத்தில் இரண்டு இடத்தில் நடை சரியில்லை என்று திருத்தியும் கொடுத்தார்.

விருதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில் அலமாரியைத் திறந்தபோது, ஏழாவது காசின்மேல் மாவு பூத்திருந்தது. வெளிறிய பச்சைமாவு. விரலால் தட்டினார், உதிர்ந்தது. மத்தியானம் பார்த்தார், மறுபடி பூத்திருந்தது. அடியில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு குழி. முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொருநைப் பச்சை உயிரோடு வளர்கிறது என்று ஒரு கட்டுரைக்கான முதல் வரிகூட மனதில் ஓடிவிட்டது.

சாயங்காலம் மேலப்பாளையத்திலிருந்து காஜா முகைதீன் வந்தார். பேரவை உறுப்பினர். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் இருபது வருஷம் செப்புக்குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பியவர். காசைக் கையில் எடுக்காமலே சொன்னார்.

"இது பச்சையில்ல அண்ணாச்சி. சீக்கு."

"என்ன வே சொல்லுதீரு?"

"உள்ள உப்பு இருக்கு. ஈரக்காத்து பட்டா அது செம்பைத் தின்னும். தின்ன தின்ன பூக்கும். விட்டா ஆறு மாசத்துல காசு இருக்காது, மாவுதான் இருக்கும். எங்க ஆலையில குழாய்க்கு வராத சீக்கா?"

"ஆத்துல ஏது வே உப்பு?"

காஜா முகைதீன் சன்னல் வழியே வெளியே பார்த்தார். "அதான் எனக்கும் தெரியல," என்றார். பிறகு, "பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்கி கண்ணாடி பாட்டில்ல ஊத்தி உள்ள போடுங்க. தெனமும் தண்ணியை மாத்தணும். உப்பு பைய வெளிய வந்துரும்," என்றார்.

"கழுவவா சொல்லுதீரு? என்னையா?"

"கழுவுறதில்ல அண்ணாச்சி. ஊறப்போடுறது."

முப்பத்து நாலு வருஷம் கோப்பு பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் மனதுக்கு இதமாக இருந்தது. விதியை எடுத்து ஒருமுறை வாசித்தார். கழுவுவதைப் பற்றித்தான் சொல்லியிருந்தது. ஊறுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விதியை எழுதியவர் தாமே என்பதால் எழுதியவரின் உள்ளக்கிடக்கையையும் விசாரித்துக்கொண்டார். ஆட்சேபணை இல்லை.

புதன்கிழமை காலையில் பாட்டிலில் தண்ணீர் பச்சையாக இருந்தது. 'உப்பு வெளியேறுகிறது' என்று குறிப்பேட்டில் எழுதி நேரம் போட்டார். தண்ணீரை மாற்றினார். வியாழக்கிழமை காசின் மேலிருந்து ஏதோ தோல்போல உரிந்து மிதந்தது. எடுத்து விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார், பிசுபிசுத்தது. அதற்குக் குறிப்பேட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நேரத்தை மட்டும் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. காசும் தெளிவாக இருந்தது. பச்சை என்பது மருந்துக்குக்கூட இல்லை. நேற்று வாங்கிவந்த செம்புபோலச் சிவந்து கிடந்தது. விளிம்பைச் சுற்றி, உருக்கி வார்த்தபோது இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு. அந்தக் கோட்டை மறைக்க அரம் போட்டு இழைத்த தடம்.

ஆற்றுக்குள் எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் மணல் அரம் பிடிக்காது. அதுவும் ஒரே திசையில் பிடிக்காது.

அவர் உட்கார்ந்தார். பிறகு மிச்சம் பன்னிரண்டையும் எடுத்து, ஒன்று ஒன்றாக, பாட்டிலுக்குள் போட்டார். ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, முதல் காசாவது பச்சையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கட்டும் ஆண்டவரே என்று கேட்டார். ஜெபத்தில் இவ்வளவு சின்ன விண்ணப்பத்தை அவர் அதுவரை வைத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் பதின்மூன்றும் பிறந்தமேனியாக பாட்டிலின் அடியில் கிடந்தன.

ஹெப்ரான் கடையில் இருந்தார். ஒரு பிரியாணி தேக்சாவுக்குள் தலையை விட்டு ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியநேசன் ஒரு காசைத் தராசுத்தட்டில் வைத்தார்.

"இது என்னதுலே?"

ஹெப்ரான் திடுக்கிடவில்லை. தச்சன் தான் செய்த நாற்காலி ஆடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தண்ணி பட்டுட்டோ?"

"பட்டுட்டோன்னா கேக்குத?"

"வேப்பம்பிசின் அண்ணாச்சி. தண்ணிக்கு நிக்காது. அதான் கழுவக்கூடாதுன்னு நீங்க விதியே போட்டுட்டீயல்லா, இனி பயமில்லன்னு இருந்தேன்."

கண்ணாடிச் சட்டத்துக்குள் சத்தியநேசன் மாட்டியது வரலாற்றுக்கான காவல் அல்ல, இவன் கடைக்கான பூட்டு. பூட்டைச் செய்ததும் அவர்தான், நாலு வருஷம் வாசலில் நின்று காவல் காத்ததும் அவர்தான்.

"பச்சை?"

"நவச்சாரம். ஈயம் பூசுறதுக்கு வச்சிருக்கதுல கொஞ்சம் உப்பும் சேத்துப் பூசி, ஈரச் சாக்குல ஒரு வாரம் சுத்தி வச்சா ஏறிரும். அப்புறம் உதிராம இருக்கப் பிசின். ஆனா எடம் இருக்கே, அதுதான் உயிரை வாங்கிட்டு. நீங்க பதினாலாம் பக்கத்துல எழுதிட்டீய, வயித்துக்கு மேல திட்டா தொடங்கி வாலுக்கு மெலியணும்னு. முதல் காசுல அது தன்னால அப்பிடி வந்தது. அதுக்குப் பெறகு ஒவ்வொண்ணுக்கும் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டுல்லா பூச வேண்டியிருந்தது."

"மீனு?"

"செதுக்கும்போது கை பிசகி ஒல்லியா போயிட்டு. அடுத்த அச்சுல சரிபண்ணிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அயிரைன்னு அச்சடிச்சுட்டீய. பெறகு எங்கன மாத்த?"

முந்நூறு பிரதி அச்சிட்ட நூல். பக்க எண்ணோடு அதைச் சொல்கிற ஒரு வாசகனைச் சத்தியநேசன் முதன்முதலாகச் சந்திக்கிறார். அந்த வாசகன் வேப்பம்பிசின் கையோடு நிற்கிறான்.

"எதுக்குலே செஞ்ச? என்ன கிடைச்சது உனக்கு?"

"ஒண்ணுக்காவது உங்ககிட்ட துட்டு வாங்கியிருக்கேனா?" ஹெப்ரானுக்கே கோபம் வந்துவிட்டது. "முதல் காசு விளையாட்டுக்குக் கொடுத்தது அண்ணாச்சி. திருப்பிப் பாத்துட்டு, 'போலே, கூறுகெட்டவனே'ன்னு சிரிப்பீயன்னு நெனச்சேன். நீங்க கண்ணு கலங்கி, இங்கன, இந்தக் குடத்துக்குப் பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டீய. ஜெபத்துக்கு நடுவுல எப்பிடிச் சொல்ல?"

"முடிஞ்ச பெறகு சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க முடிக்கதுக்குள்ள கடையில நாலு பேரு நின்னுட்டாவ."

"அந்த ஒண்ணோட விட்டிருக்கலாம்லா? மிச்சம் பன்னெண்டு?"

ஹெப்ரான் தேக்சாவின் விளிம்பைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அது மைனி கேட்டது," என்றார்.

"யாரு?"

"சாலோமி மைனி. மூணு மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவாவ. 'தம்பி, இன்னொண்ணு கொண்டா, மனுஷன் திரும்பவும் அடுப்பாங்கரைக்குள்ள வந்துட்டாரு'ன்னு."

துட்டுக்காகச் செய்திருந்தால் சத்தியநேசனுக்கு வழி தெரியும். காவல் நிலையம் இருக்கிறது, புகார் எழுதலாம், நகல் நாலு பேருக்கு அனுப்பலாம். இரக்கப்பட்டு ஏமாற்றியவன்மேல் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது? அவர் காசை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் ஹெப்ரான், "அண்ணாச்சி, நாளைக்கு சால்வை நான்தான போத்தணும்? பட்டா, சாதாவா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வீட்டில் சாலோமி மறுநாளுக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த காசைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீயா?" என்றார்.

"நாந்தான்."

இப்படி உடனே ஒப்புக்கொள்கிறவர்களை விசாரித்து அவருக்குப் பழக்கமில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? மிளகாப்பொடி டப்பாவுக்கு நம்பர் ஒட்டுனீய. கடுகு தீந்ததுக்கு விளக்கம் கேட்டீய. நான் பால் காய்ச்சுததைப் பின்னால நின்னு பாத்து, 'ஏன் ரெண்டு தடவை பொங்குது'ன்னு கேட்டீய. வெளிய போய் நாலு பேரோட பேசிட்டு வாங்கன்னு சொன்னேன். எழுத்துல தரச் சொன்னீய."

"அதுக்காக, ஏமாத்துவியா? அவனோட சேந்துகிட்டு?"

"ஒரு காசு வந்தா மூணு மாசம் மாடியை விட்டு இறங்க மாட்டீய. சாப்பிட மட்டும் வருவீய, அப்பவும் பாண்டியனைப் பத்தித்தான் பேச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு. உங்களுக்கும் முகத்துல ஒரு இது வந்துச்சு. சந்தோஷமாத்தான இருந்தீய?"

அதுதான் அவரைக் குத்தியது. சந்தோஷமாகத்தான் இருந்தார். அந்தச் சந்தோஷத்தை இவர்கள் இரண்டு பேரும் தவணை முறையில், பிள்ளைக்கு மருந்து கலக்குவதுபோல் அளந்து கலக்கி, வாயில் ஊற்றியிருக்கிறார்கள். குடித்துவிட்டு அவர் அதற்கு நூல் எழுதியிருக்கிறார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் மறைத்தது ஒன்றுமில்லை என்று போன மாதம்கூட ஆராதனையில் சாட்சி சொல்லியிருந்தார். அவளும் பக்கத்தில் தலை குனிந்து ஆமென் சொன்னாள்.

அவர் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராஜினாமா கடிதம் மூன்று பக்கம் வந்தது. விருதை மறுத்து, பேரவையைக் கலைத்து, நூலைத் திரும்பப் பெற்று, வரலாற்றிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கோரி, துரோகம் இழைத்தவர்களைப் பெயர் சொல்லாமல், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராதபடி, அடையாளம் காட்டி முடித்திருந்தார். நாளைக்கு இதை வாசித்து முடிக்கும்போது கூட்டம் கொந்தளிக்கும். கொந்தளிக்க வேண்டும். அவர் பக்கம் இனி மிச்சமிருப்பது அவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தைத்தான் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கூடத்தின் ஒரு மூலையில் சமையல்காரர் பிச்சைக்கண்ணு இலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் பதினாறு. சிவப்புப் பட்டின்மேல் பதின்மூன்று காசுகளையும் சத்தியநேசன் பச்சையில்லாமல் அப்படியே பரப்பி வைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அருகில் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதிர்ச்சியில் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஹெப்ரான் மடித்த சால்வையோடு மேடையோரம் நின்றார். பட்டுதான். சாலோமி முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தியநேசன் எழுந்தார். கடிதத்தை விரித்தார். "பெரியோர்களே. நண்பர்களே. இங்கே வைக்கப்பட்டிருக்கும் பதின்மூன்று காசுகளும் போலி. பொருநைப் பச்சை என்று ஒரு பச்சை உலகத்தில் இல்லை. நான் ஏமாற்றப்பட்டேன். என்னை நம்பிய நீங்களும் ஏமாற்றப்பட்டீர்கள்."

நிறுத்தினார். கொந்தளிப்புக்கு இடம் விட்டார். மின்விசிறி சுற்றியது.

"சரி அண்ணாச்சி," என்றார் நடராஜ்.

"என்ன வே சரி? போலிங்கேன்."

"தெரியும் அண்ணாச்சி. நான் புளி போட்டுத் தேய்ச்சன்னைக்கே பல்லை இளிச்சுட்டு. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு எந்திரிச்சேன். நீங்க மன்னிப்பு எழுதச் சொல்லிட்டீய. எழுதுன பெறகு என்னத்தச் சொல்ல?"

சத்தியநேசன் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. பழைய அலுவலக வழக்கம் அவரை அறியாமல் வாயில் வந்தது. "தெரிந்தவர்கள் கை தூக்கலாம்."

முதலில் நடராஜ். பிறகு பின்வரிசையில் நாலு பேர். பிறகு மிச்சம் பேர், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட வருவதுபோல் வரிசையாக. சாலோமி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தூக்கினாள். ஹெப்ரானுக்கு ஒரு கையில் சால்வை இருந்தது, மறுகையைத் தூக்கினார். பிச்சைக்கண்ணு எதற்கென்று தெரியாமலே இலையோடு கை தூக்கினார்.

கடைசியாகக் காஜா முகைதீன்.

"நீருமா வே?"

"எனக்குப் பாத்த அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. என் வாயால சொல்ல மனசு வரல. தண்ணி சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"பொய்யினு தெரிஞ்சு எதுக்கு வே மாசா மாசம் வந்தீய? நான் பேசுததை எதுக்குக் கேட்டீய? என்னைப் பாத்துச் சிரிக்கதுக்கா?"

"சிரிக்கல்லாம் இல்ல," என்றார் காஜா முகைதீன். மற்றவர்களைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்களுக்கும் வீட்டை விட்டு மாசத்துல ஒரு நாளு வெளிய வர ஒரு எடம் வேணும்லா. நீங்க பேசுவீய. நாங்க பாட்டுக்கு உக்காந்திருப்போம். முழுசாக் கேட்டோம்னும் சொல்ல முடியாது."

நாலு வருஷம். நாற்பது சொற்பொழிவு. சத்தியநேசன் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால் பக்கம் மிச்சம் இருந்தது. துரோகிகளைப் பெயர் சொல்லாமல் அடையாளம் காட்டுகிற பகுதி இனிமேல்தான் வருகிறது. இப்போது அதற்கு வருகைப் பதிவேட்டை வாசித்தாலே போதும்.

"கடிதம் வாசிக்கப்பட்டதாகப் பதிவு பண்ணிக்கிடுவோம் அண்ணாச்சி," என்றார் நடராஜ் மெதுவாக. மேடைக்கு ஏறி, அவர் கையிலிருந்து மூன்று தாளையும் வாங்கி, ஓரத்தை நேராக்கிக் கோப்பில் வைத்தார்.

அவர் தடுக்கவில்லை. ஹெப்ரான் சால்வையை உதறி விரித்தார். கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் கிடந்தது. வெளியே போனால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டுச் சாவி சாலோமியின் கைப்பையில் இருந்தது. சால்வை தோளில் விழுந்தது. யாரோ கைபேசியை நீட்டி, "அண்ணாச்சி, இங்கன பாருங்க," என்றார்கள். அவர் அங்கே பார்த்தார். ஹெப்ரானைப் பார்க்கவில்லை. இனி இந்த ஜென்மத்தில் பார்ப்பதில்லை என்று தீர்மானித்தார். மனைவியையும் அந்தத் தீர்மானத்தில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாரும் கை தட்டினார்கள்.

நிகழ்ச்சிநிரலில் அடுத்தது ஹெப்ரானின் நன்றியுரை. பிரியாணி தயாராகிவிட்டதால் அது கைவிடப்பட்டது.